பதினாறு கிராம்

பெடல் மறுபடியும் விலாவில் இடித்தது. காலையிலிருந்து எத்தனையாவது இடி என்று எண்ணுவதைத் தண்டபாணி எப்போதோ விட்டுவிட்டான். சைக்கிளைக் கழுத்துக்குப் பின்னால் தோள்களின் குறுக்கே போட்டுக்கொண்டு, ஒரு கையால் முன்சக்கரக் கவையையும் மறு கையால் பெடலையும் பிடித்தபடி, எந்தக் காலத்திலோ குதிரைகளுக்காக அடுக்கிய கற்படிகளில் ஏறிக்கொண்டிருந்தான். மேல்மலைக் கிராமங்களிலிருந்து பூண்டு மூட்டை சுமந்து குதிரைகள் போய் வந்த பாதை. குதிரைக்குப் போட்ட படியில் மனுசன் ஏறினால் ஒன்று கால் எட்டாது, இல்லையென்றால் எட்டிய இடத்தில் கல் ஆடும். மலை ஏறுவதற்கென்றே செய்த சைக்கிள் மலைக்கு வந்து மனுசன் முதுகில் ஏறிக்கொண்டு போகிறது, வெட்கங்கெட்ட வண்டி. பதிமூன்று கிலோ எண்ணூறு. தண்டபாணிக்கு எடை தெரியாத பொருளே கிடையாது. முதுகுப்பை ஐந்து எழுநூறு, தண்ணீர் ஒன்றரை, தலைக்கவசம் முந்நூற்றுப் பத்து. சிங்காநல்லூரில் பம்புக்கு உதிரிபாகம் கடைகிற பட்டறைக்காரன் அவன், ஒரு நூல் தப்பினாலும் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுவான், அந்தப் புத்திதான் இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. சங்கிலியின் கறுப்பு எண்ணெய் வியர்வையோடு சேர்ந்து பிடரியில் இறங்கியது. தூக்கிப் பிடித்த பின்சக்கரம் சும்மா இருக்காமல் மெல்லச் சுற்றி டிக் டிக் என்று காதருகே ஓசையிட்டது. சும்மா இரு சனியனே என்றான் சைக்கிளைப் பார்த்து. அது அவனுடைய சைக்கிள்கூட இல்லை. அவனுடையது நாற்பது அடி மேலே, ஒரு கோளாறும் இல்லாமல், எண்ணெய் போட்டுத் துடைத்தபடி, அருளப்பன் அண்ணனின் கையில் உருண்டு போய்க்கொண்டிருந்தது.

அவர் ஏறுவது கீழிருந்து தெரிந்தது. வலது முழங்காலை மடக்காமல் வைத்து, இடது காலால் ஏறி, பிறகு சைக்கிளை ஒரு படி உருட்டி. போன வருடம் இதே பாதையில் அந்த முழங்கால் பாதியில் வீங்கிக்கொண்டது, வனத்துறை ஜீப்பை வரவழைத்து இறக்கினார்கள். ஐம்பத்து மூன்று வயதுக்கு இதெல்லாம் தேவையா என்று அவர் மனைவி ரோஸ்லின் அக்கா தண்டபாணியின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள், அவரைப் பார்த்துக் கேட்கவில்லை. அதனால்தான் இந்த வருடம் அவர் பையை இலேசாக்க வேண்டும் என்று அவன் நினைத்தான். அதனால்தான். வேறு எதற்காக? நல்லதுக்குத்தானே செய்தான்? இப்படி நினைக்கும்போதெல்லாம் அடுத்த படியில் கால் சறுக்கியது, ஏனென்றால் அது முழு உண்மை இல்லை என்று காலுக்குத் தெரிந்திருந்தது. மூன்று நாள் பயணம், இரண்டு பேர், ஒரே ஒரு கருவிப் பொதி, அதை என் பையிலேயே நான்தான் சுமப்பேன் என்று அருளண்ணன் பிடிவாதம் பிடித்தார். மருந்துக்கடைக்காரர், அவருக்கு எதையும் டப்பா டப்பாவாகப் பிரித்து வைத்தால்தான் தூக்கம் வரும். கிளம்புவதற்கு முந்தின நாள் பையைத் தண்டபாணி வீட்டில் வைத்துவிட்டு, காலையில் ஜீப் இங்கே வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் அவன் அடுக்களைத் தராசில் பையை வைத்தான். மனைவி பூங்கோதை கேக்குக்கு மாவு நிறுக்கிற தராசு, கிராம் சுத்தமாகக் காட்டும். ஆறாயிரத்து இருபத்து நான்கு. ஆறு கிலோ என்று பேசியிருந்தார்கள். இருபத்து நான்கு கிராம் கூடுதல். அந்த இருபத்து நான்கு கண்ணை உறுத்தியது, கடைந்த பொருளில் அளவுக்கு மேல் நிற்கிற பிசிர் உறுத்துவது போல. பையைத் திறந்தான். அடுத்தவங்க பையில கையை வெக்காதீங்க என்று பூங்கோதை வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பை ரம்பத்தால் பாதியாக அறுத்தான், எட்டு கிராம் போயிற்று. இன்னும் பதினாறு. சிவப்புத் தகர டப்பாவைத் திறந்தான். உள்ளே அது இருந்தது.

ஹேங்கர். கட்டைவிரல் நீளத்துக்கு ஓர் அலுமினியத் துண்டு. பின்பக்கக் கியரைச் சட்டத்தோடு பிடித்து வைப்பது அதுதான். அடி விழுந்தால் வண்டியின் சட்டம் உடையாமல் அது உடைய வேண்டும் என்றே மென்மையாகச் செய்திருப்பார்கள். ஒரு வண்டியினுடையது இன்னொரு வண்டிக்குச் சேராது, அதனால் காட்டுக்குப் போகிறவர்கள் அவரவர் வண்டிக்கு ஒன்று கூடுதலாகக் கொண்டுபோவார்கள். தராசில் வைத்தான். பதினாறு. சுத்தமாகப் பதினாறு. அந்த நேரத்தில் அவனுக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பதினைந்து வருடத்தில் ஒருதரம்கூட அண்ணனுக்கு ஹேங்கர் உடைந்ததில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். டப்பாவை மூடினான், பையை வைத்தான், ஆறு சைபர் சைபர் சைபர் என்று தராசு காட்டியதை அலைபேசியில் படம்கூட எடுத்தான். முட்டாள். தன் சொந்தப் பையில் பூங்கோதை சுட்டுக் கொடுத்த கேக்கு முந்நூற்று நாற்பது கிராம் இருந்தது, அதை எடுக்க மனசு வரவில்லை. ஹேங்கர் இப்போது அடுக்களை ஜன்னலில் ஏலக்காய் டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். காலை வெயில் அதன்மேல் படும். பூங்கோதை அதை நகர்த்தி வைத்துவிட்டுத் துடைப்பாள்.

நேற்றுப் பகல், இரண்டாம் நாள், சோலைக்குள் இறங்கும்போது சுள்ளி ஒன்று எகிறி அருளண்ணன் வண்டியின் பின்சக்கரத்துக்குள் போயிற்று. டொக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், ஹேங்கர் உடைந்து கியர் தொங்கியது. அருளண்ணன் பதறவே இல்லை. சிரித்தார். "ஒண்ணும் பிரச்சினை இல்லடா, டப்பாவுல இன்னொண்ணு இருக்குது" என்றார். அப்போது சொல்லியிருக்க வேண்டும். அந்த நொடி. அண்ணா, அது இல்லீங்ணா, நான் எடுத்து வெச்சுட்டேன். நாலு சொல். வாய்க்கு வந்தபடி ஒரு வசவு விழுந்திருக்கும், முதுகில் ஓர் அடிகூட விழுந்திருக்கும், மாலைக்குள் சிரித்திருப்பார்கள். அவர் டப்பாவைத் திறந்தார். பார்த்தார். மூடித் திறந்தார். பையைப் பாறைமேல் கவிழ்த்துக் கொட்டினார், ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்தார், மறுபடி உள்ளே போட்டு மறுபடி கொட்டினார். தண்டபாணி என்ன செய்தான்? அதுதான் தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது. அவனும் கூடத் தேடினான். குனிந்து, காலுறைக்குள் கையை விட்டு, இல்லாததை இல்லாத இடத்தில் தேடினான். இங்க இருக்குதானு பாருங்ணா என்றுகூடச் சொன்னான். அட பாவி. ஒரு நிமிடம் சும்மா இருந்தால் பயம் என்று விட்டுவிடலாம், தேடுவது போல நடித்ததை என்ன பெயர் சொல்லி விடுவது? சங்கிலியைக் குட்டையாக வெட்டி, கியர் இல்லாமல் ஒரே பல்சக்கரத்தில் ஓட்டப் பார்த்தார்கள். முந்நூறு அடி போவதற்குள் சங்கிலி பல் தாவி அறுந்தது. அப்போது அருளண்ணன் பாறையில் உட்கார்ந்து கையை விரித்து, உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுடா. சிவப்பு டப்பாவுல நாந்தான் போட்டேன். போட்டு மூடுனது வரைக்கும் ஞாபகம் இருக்குது. அப்பறம் எப்படி?" கொஞ்ச நேரம் கழித்து, "போட்டதா நெனச்சுட்டுப் போடாம வந்துட்டேன் போலிருக்குது" என்றார். அதற்கும் கொஞ்ச நேரம் கழித்து, ரொம்ப மெதுவாக, "எங்கப்பனுக்கு இப்படித்தான்டா ஆரம்பிச்சுது."

அந்தப் பேச்சை மட்டும் அவர் எடுத்திருக்கக் கூடாது. தண்டபாணிக்கு அவருடைய அப்பாவைத் தெரியும். கடைசி நான்கு வருடம் கடையின் உள்ளறையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் என் மகன் அருளப்பன் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தவர், மகனிடமும் அதையே கேட்டவர். அவருக்கு ஆரம்பித்தது கடைச் சாவியில். குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினாராம். நேற்று மாலை வேட்டைத் தடுப்புக் காவலர்களின் கொட்டகையில் கேக்கைப் பிட்டுத் தின்றுகொண்டே அருளண்ணன், என்னவோ மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற தொனியில், இறங்கினதும் கடையை யாருக்காவது கொடுத்துவிடப் போகிறேன் என்றார். "மளிகைக் கடையா இருந்தாப் பரவால்ல. மறந்தா உப்புக்குப் பதிலு சக்கரை போகும். இங்க ஆளே போயிருவான்" என்றார். பூங்கோதை கைப்பக்குவம் பூங்கோதை கைப்பக்குவம்தான் என்று கேக்கைப் புகழ்ந்தார். இருபத்தெட்டு வருடக் கடை. டாக்டர் எழுத்து யாருக்கும் புரியாத சீட்டை எடுத்துக்கொண்டு சூலூரிலிருந்துகூட ஆள் வருகிற கடை. அதை ஒரு அலுமினியத் துண்டுக்காக, ஏலக்காய் டப்பாவுக்குப் பக்கத்தில் வெயில் காய்கிற பதினாறு கிராமுக்காகக் கொடுத்துவிடப் போகிறார், அதைக் கேட்டுக்கொண்டு தண்டபாணி கேக்கைத் தின்றான். காலையில் எழுந்ததும் அவருடைய உடைந்த வண்டியைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டான். என் வண்டியை நீங்க உருட்டிக்கிட்டு வாங்ணா, கால் நோகும் என்றான். அவர் கண் கலங்கிவிட்டது. நீ இல்லீன்னா என்னடா பண்ணுவேன் என்றார். அதற்குப் பிறகு என்னத்தைச் சொல்வது?

இங்கே படி முடிந்து வேர்கள் தொடங்கின. வேர்களில் பாசி. வண்டியைத் தோளிலிருந்து இறக்கி, பின்பிரேக்கைப் பிடித்து, முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து, பின்பக்கத்தை இழுத்து, மறுபடி. கைப்பிடி ஒரு கொடியில் சிக்கிக்கொண்டது. இழுத்தான், வரவில்லை. இன்னும் இழுத்தான், கொடியோடு சேர்ந்து நனைந்த மண்ணும் சருகும் முகத்தில் கொட்டியது. கத்த வேண்டும் போலிருந்தது. கணுக்காலில் அட்டை இரண்டு ஏறியிருந்தன, ஒன்று ஏற்கனவே திராட்சையாகியிருந்தது. உறிஞ்சு, நன்றாக உறிஞ்சு, இரண்டு கிராமாவது குறையட்டும். சொல்லிவிடலாம். அடுத்த தண்ணீர் நிறுத்தத்தில் சொல்லிவிடலாம். எப்படி ஆரம்பிப்பது? அண்ணா ஒரு விஷயம். வேண்டாம், விஷயம் என்றாலே அவர் சாவுச் செய்தி என்று நினைப்பார். அண்ணா, நீங்க மறக்கலீங்ணா. இது நல்ல ஆரம்பம், முதலிலேயே நல்ல செய்தி. பிறகு? நான் எடுத்தேன். எதுக்குடா எடுத்தே? எடை ஜாஸ்தி இருந்துச்சுங்ணா. எவ்வளவு? இங்கேதான் ஒவ்வொரு தடவையும் இடறியது. பதினாறு கிராம் என்று ஒரு வயசு வந்த மனுசன் இன்னொரு வயசு வந்த மனுசன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வான்? ஒரு கிலோ என்றால் சொல்லலாம். பத்து ரூபாய்க் காசு இரண்டு சேர்த்தால் வருகிற எடை. திருடினேன் என்பதுகூடக் கௌரவம். காலையில் ஓடையருகே ஒருதரம் அண்ணா என்று கூப்பிட்டும்விட்டான். அவர் திரும்பி, தண்ணியா என்று கேட்டுப் பாட்டிலை நீட்டினார். ஆமாங்ணா என்று வாங்கிக் குடித்தான். தாகமே இல்லை. குடித்த தண்ணீர் வயிற்றில் இன்னும் குலுங்கிக்கொண்டிருக்கிறது.

சொல்லாமல் விட்டால் என்ன என்றும் மனசு கேட்டது, கேட்காமல் இருக்குமா. இறங்கினதும் நல்ல டாக்டரிடம் கூட்டிப் போகலாம், எல்லாச் சோதனையும் எடுத்துப் பார்க்கலாம், ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்வார், கடை தப்பும், இவனும் தப்புவான். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வழிதான், ஆனாலும் மூக்கைத் தொட்டுவிடும். ஒருவேளை டாக்டர் ஏதாவது சொல்லிவிட்டால்? இந்த வயதில் தேடினால் ஏதாவது ஒன்று கிடைக்காமலா போகும்? அதுவரைக்கும் அவர் தூங்குவாரா? நேற்று இரவு அவர் பக்கம் புரண்டுகொண்டே இருந்த சத்தம் கேட்டது. மேலிருந்து ஏதோ முணுமுணுப்பு வந்தது. சோலை முடிந்து புல்வெளி தொடங்குகிற இடம், காற்று இந்தப் பக்கமாக அடித்தது. ஜெபம் சொல்கிறார் என்று தண்டபாணி நினைத்தான். ஏற்றத்தில் அவர் ஜெபமாலை சொல்வது வழக்கம்தான், மூச்சுக்கு நல்லது என்பார். வண்டியைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டு நாலு எட்டு வேகமாக வைத்தான். ஜெபம் இல்லை. "அம்லோடிபின். அட்டெனலால். அட்டோர்வாஸ்டாடின்." நிறுத்தினார். "அட்டோர்வாஸ்டாடின். அப்பறம்... அப்பறம்..." சைக்கிள் நின்றது. "டிகாக்சின். இல்ல, அதுக்கு முன்னால ஒண்ணு இருக்குது." மறுபடி முதலிலிருந்து. அம்லோடிபின், அட்டெனலால். கல்லாவுக்குப் பின்னால், குளிர்பெட்டிக்கு மேல், இதய மாத்திரைத் தட்டு. இடமிருந்து வலமாகத் தன் கடையில் அவர் நடந்துகொண்டிருந்தார். மூன்றாவது தடவையும் அதே இடத்தில் நின்றது. கண் மூடிக்கொண்டு எடுப்பார் அந்தத் தட்டில். தண்டபாணியே பார்த்திருக்கிறான், பேச்சு வேறு பக்கம், கை வேறு பக்கம். அவனுக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது, யார்மேல் என்று கேட்க அவசியமில்லை. சைக்கிளை வீசிவிட்டு ஓடிப்போய்க் காலைப் பிடித்துக்கொள்ளலாமா என்று தோன்றியது. சைக்கிளை வீச முடியவில்லை, அண்ணன் வண்டி, சட்டம் கீறிவிடும்.

கணவாயில் அவர் உட்கார்ந்திருந்தார். இதுதான் மேட்டின் முடிவு, இனி இறக்கம், ஒரு மணிக்கு ஜீப் கீழே வந்து நிற்கும். மறுபக்கம் சமவெளி வெளுத்த புகையாகத் தெரிந்தது. அருளண்ணன் வலது முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார், உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. தண்டபாணி வண்டியைப் புல்லில் படுக்கவைத்தான். தோள் தன்பாட்டுக்கு மேலே மிதந்தது. தயார் செய்துவைத்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை.

"அண்ணா, ஹேங்கரை நாந்தான் எடுத்தேன்."

"ம்?"

"டப்பாவுல நீங்க போட்டீங்க. நீங்க மறக்கலை. நாந்தான் எடுத்து வெச்சுட்டேன். எங்கூட்டு ஜன்னல்ல இருக்குது. எடை ஜாஸ்தி இருந்துச்சுங்ணா. பதினாறு கிராம்."

சொல்லியாயிற்று. அடி விழும் என்று காத்திருந்தான். அருளப்பன் அவனைப் பார்த்தார், பிறகு அவர் முகத்தில் வந்தது சிரிப்பு. அதுவும் குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"நீ இப்படி ஏதாச்சும் சொல்லுவேன்னு எனக்குத் தெரியும்டா. காத்தாலருந்து என் வண்டியைச் சுமக்கறே, இப்ப என் மறதியையும் சுமக்கப் பாக்கறே. வேண்டாம்டா. விடு."

ஒரு பகல், ஒரு இரவு, ஒரு மலை. இத்தனையையும் தாண்டித் தொண்டைக்குழியிலிருந்து பிடுங்கி எடுத்து வெளியே வைத்தால், நல்ல மனசு என்று தட்டிக்கொடுக்கிறார். சத்தியமாங்ணா என்றான். சாமி சத்தியம் என்றான். பூங்கோதைகிட்டக் கேளுங்க என்றான், அலைபேசியை எடுத்தான், சிக்னல் இல்லை. ஆறு சைபர் சைபர் சைபர் படம் இருந்தது, அதைக் காட்டினான், அதில் தராசும் பையும்தான் தெரிந்தன, ஹேங்கர் தெரியவில்லை. சரி சரி என்று அவர் தலையாட்டினார். பைத்தியக்காரனுக்குத் தலையாட்டுவது போல ஆட்டினார். பொய்யை மட்டும் உடனே நம்பினார் மனுசன். சும்மா கூடத் தேடியே சொன்ன பொய்யை.

"பிரஷ்ஷு!" என்று கத்தினான் தண்டபாணி. "உங்க பல்லு வெளக்கற பிரஷ்ஷு பாதிதானே இருந்துச்சு? அதையும் நாந்தான் அறுத்தேன். எட்டு கிராம். எட்டும் பதினாறும் இருபத்தி நாலு!"

முழங்காலைத் தேய்த்த கை நின்றது. "பிரஷ்ஷு பத்தி நான் உங்கிட்டச் சொல்லவே இல்லியே" என்றார். "யாருகிட்டயும் சொல்லலை. ரெண்டு நாளா யோசிக்கறேன்டா, எப்ப அதை வெட்டுனேன்னு. எதுக்கு வெட்டுனேன்னு." புல்லைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். பிறகு கண்ணைச் சுருக்கினார். கடையில் சந்தேகமான சீட்டு வந்தால் சுருக்குவது அப்படித்தான்.

"அப்ப என் கண்ணாடிக் கூடு? அதையும் நீதான் எடுத்தியா?"

கண்ணாடிக் கூடா? கூட்டை அவன் பார்க்கவே இல்லை. அப்படியென்றால் அது எங்கே? இவரே எங்கேயோ வைத்துவிட்டாரா? ஒருவேளை நிஜமாகவே இவருக்கு? ஆமாங்ணா நாந்தான் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஒரு சொல். சொன்னால் அவர் முகம் தெளிந்துவிடும், கடை தப்பிவிடும், நாற்பது கிராம் கூட்டை ஏற்றுக்கொள்வதால் இவனுக்கு என்ன குறைந்துவிடும்? ஏற்கனவே கழுத்துவரை நனைந்தவன். ஆனால் நாளைக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டு தட்டில் கையை விடுவாரே. யாரோ ஒருவனுடைய இதயத்துக்கு. நேற்று வாயை மூடியதால் வந்த வினை போதாதா?

"இல்லீங்ணா" என்றான். "அதை நான் எடுக்கலை. பாக்கவே இல்லை." பிறகு, உண்மையைத்தான் சொல்வது என்று ஆகிவிட்ட பிறகு மிச்சம் எதற்கு என்று, "பாத்திருந்தா எடுத்திருப்பேன்" என்றான்.

அருளப்பன் சட்டைக்குள் கையை விட்டுக் கண்ணாடிக் கூட்டை எடுத்துத் தொடைமேல் வைத்தார். டப்பென்று திறந்தார். கண்ணாடி உள்ளேதான் இருந்தது.

"எடுத்தேன்னு சொல்லியிருந்தீன்னா, எல்லாமே பொய்னு தெரிஞ்சிருக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் கொஞ்ச நேரம் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தண்டபாணிக்குத் தெரியவில்லை, பக்கத்தில் போகவும் பயமாக இருந்தது. இயேசுவே, இயேசுவே என்று இரண்டு தடவை சொன்னது கேட்டது. கையை எடுத்தபோது முகம் சிவந்திருந்தது, கண் ஈரமாக இருந்தது, ஆனால் அது பழைய அருளண்ணன் முகம், கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்துகிறவர்களை விரட்டுகிற முகம். எழுந்தார். தண்டபாணியின் நல்ல சைக்கிளை எடுத்தார். காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார்.

"தூக்கிட்டு வாடா" என்றார்.

"அண்ணா, இறக்கந்தானுங்களே, இதை உருட்டிக்கிட்டே..."

"தூக்கிட்டு வா. சக்கரம் மண்ணுல படக் கூடாது. பதினாறு கிராம் கொறச்சலாத்தானே இருக்குது?"

தண்டபாணி தூக்கிக்கொண்டான். பெடல் விலாவில் இடித்தது, அதே இடம். இறக்கத்தில் சுமப்பது ஏற்றத்தைவிட மோசம். அருளப்பன் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து, அவன் காதுக்கு எட்டுகிற தூரத்திலேயே போனார், வேண்டுமென்றேதான். நேற்றுப் பகலில் விழுந்திருக்க வேண்டிய வசவு இப்போது ஆரம்பித்தது. "ரெண்டாயிரத்திப் பதினொண்ணு, ஆகஸ்டு பதினாலு, ஞாயித்துக்கிழமை, கல்லாறு. என் காத்துப் பம்பைக் கழட்டி உம்பட வண்டியில மாட்டிக்கிட்டு, எங்கிட்டயே இரவல் குடுத்தே. பதிமூணுல வால்பாறை. பதினேழாவது வளைவு. உனக்கு வாந்தி வந்துச்சு, எனக்கு வந்துச்சுன்னு ஜீப்காரன்கிட்டச் சொன்னே. பதினாறுல, பொங்கல் முடிஞ்ச ரெண்டாம் நாளு, ஊறுகாய் பாட்டிலு." ஊறுகாயா? எந்த ஊறுகாய்? தண்டபாணிக்கே மறந்துபோயிருந்தது, அவர் சொல்லச் சொல்லத்தான் மூடி திறந்துகிடந்த பாட்டிலும் எண்ணெயில் ஊறிய அவருடைய கம்பளிச் சட்டையும் நினைவுக்கு வந்தன. எதிலும் தேதி தப்பவில்லை. எலுமிச்சை ஊறுகாய், ஆமாம், அதுவும் சரி. வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. ஒரு வளைவில் அவர் பாறைக்குப் பின்னால் மறைந்தார். வசவு நின்றது. சக்கரச் சத்தமும் நின்றது. தண்டபாணியும் நின்றான். காற்றுதான் புல்லில் அலைந்தது. விழுந்துவிட்டாரா? முழங்காலா? என்னவோ யோசித்து நின்றுவிட்டாரா? பிறகு பாறைக்கு அப்பாலிருந்து, மலை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு கூச்சல் வந்தது.

"குளோபிடோக்ரெல்! டேய் தண்டபாணி, குளோபிடோக்ரெல்டா! அட்டோர்வாஸ்டாடினுக்குப் பக்கத்துல!"

"ஆமாங்ணா!" என்று இவனும் கத்தினான், அது என்ன மருந்து என்றே தெரியாமல்.

"அப்பறம் டிகாக்சின்" என்று அந்தப் பக்கம் குரல் இறங்கியது. சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. "எங்கடா விட்டேன்? ஊறுகாயி. பதினேழுல, ஏப்ரலு, ஈஸ்டருக்கு முந்தின நாளு..." தண்டபாணி சைக்கிளை வலத் தோளிலிருந்து இடத் தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு, அடுத்ததைக் கேட்க வேகமாக இறங்கினான்.